இரண்டாவது கன்ட்ரோலர்

அன்று காலை என் மனைவி எலினா டிவி ரிமோட்டின் முதுகைத் திறந்து, இரண்டு பேட்டரிகளையும் உருவி வீடியோ கேம் கன்ட்ரோலரில் போட்டாள்.

"அப்ப நான் டிவி எப்படிப் பாக்க?" என்றேன்.

"எந்திரிச்சுப் போய் சேனல் மாத்துங்க. தொப்பையாவது குறையும். சாயந்தரம் வரும்போது பேட்டரி வாங்கியாரேன்."

சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு ஓடினாள். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பில் போடும் வேலை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்திருக்கிறாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ராஜபாளையத்திலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவளுடைய அண்ணன் பெனின்தான் அவளது பையை வாங்கி என்னிடம் கொடுத்தார். டிபன் பாக்ஸ், குடை, ஃபோன், அந்தக் கன்ட்ரோலர். கன்ட்ரோலர் எதற்குப் பையில் போயிற்று என்று யோசிக்கும் நிலையில் நான் அப்போது இல்லை. பின்னால், ரிப்பேருக்குக் கொண்டுபோயிருப்பாள் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

ஃபோனை மட்டும் நான் அணைய விடவில்லை. அதைத் திறக்கும் எண் எனக்குத் தெரியாது. ஆனால் என் ஃபோனிலிருந்து கூப்பிட்டால் அதன் திரையில் 'ஜேசு மில்' என்று வரும். கல்யாணம் நிச்சயமான புதிதில், சபையில் இருந்த இன்னொரு ஜேசுதாசனிடமிருந்து பிரித்துக் காட்ட அவள் போட்டுவைத்த பெயர். நான் மில்லை விட்டு பேண்டேஜ் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கப் போய் எத்தனையோ வருடமாகியும் அவள் அதை மாற்றவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபோன் கடை வைத்திருப்பவரிடம் விசாரித்தேன். "ஒரு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆச்சுன்னா, அந்த நம்பரைப் போட்டுத் திறக்கிற வரைக்கும் பேரு காட்டாது சார், வெறும் நம்பர்தான் வரும்" என்றார். அன்றிலிருந்து அந்த ஃபோன் எங்கள் வீட்டு ஷோகேஸில், சார்ஜ் வயரோடுதான் இருக்கிறது. கரண்ட் போனால் நான் பவர் பேங்கோடு ஓடுவேன்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நான் நட்சத்திரம் கட்டவில்லை. இரவு பெனினின் மனைவி பாண்டிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு நாங்க வாரோம். அந்த கேம் பெட்டிய எடுத்து வைங்க."

"இந்த வருசமாம்மா?"

"இந்த வருசம்தான். போன வருசம் உங்க வீட்டுக்காரி ஏழுக்கு நாலுன்னு என்னைய அடிச்சு அனுப்பிருக்கா. அத நான் யாருகிட்ட தீர்க்க? உங்ககிட்டதான்."

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து கேசட் விளையாட்டுகளெல்லாம் அடங்கிய சின்னப் பெட்டி அது. எலினா ஆன்லைனில் வாங்கினாள். அதற்கென்றே பழைய டியூப் டிவி ஒன்றையும் தேடிப் பிடித்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவளும் பாண்டிசெல்வியும் சண்டை விளையாட்டில் மோதுவது வழக்கம். தரையில் உட்கார்ந்து, சேலையைச் செருகிக்கொண்டு, அசல் சண்டை மாதிரியே ஆடுவார்கள். பெனினும் நானும் சமையல்.

மறுநாள் பாண்டிசெல்வி வந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதுவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் பலகாரப் பையை என் கையில் திணித்துவிட்டு நேரே டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

முதல் கன்ட்ரோலர் உடனே பெட்டியோடு சேர்ந்துகொண்டது. இரண்டாவதுதான் எலினாவின் பையிலிருந்து வந்தது. "தனியா இருந்தா லைட்டு சிமிட்டும், சேர்ந்துட்டா நின்னு எரியும்" என்று சொல்லி அதைப் பாண்டிசெல்வியிடம் கொடுத்தேன். அதில் நீல விளக்கு கொஞ்சம் சிமிட்டியது, பிறகு நின்று எரிந்தது. திரையில் மட்டும் அசைவே இல்லை.

"பேட்டரி வீக்கா இருக்கும் மாப்ளே" என்றார் பெனின். புதிது போட்டோம். விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது, அவ்வளவுதான். பெட்டியை அணைத்துப் போட்டோம். பெட்டியின் பட்டியலில் கன்ட்ரோலரின் பெயரை அழித்துவிட்டு மறுபடி தேடச் சொன்னோம். எதுவும் கிடைக்கவில்லை என்றது. பெனின் கன்ட்ரோலரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றினார்.

"ஏங்க, அது ஆன்டெனா இல்ல. எறக்குங்க" என்றாள் பாண்டிசெல்வி.

சத்தம் கேட்டு மாடி வீட்டு கௌதம்ராஜ் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்க வைஃபைதான் இடைஞ்சல் பண்ணுது போல சார்" என்று தாமே போய் அதை அணைத்துவிட்டு வந்தார். அதிலும் பலனில்லை. அவர் வீட்டுக்குள்ளிருந்து சீரியல் நின்றுபோன கோபத்தில் தெலுங்கில் ஒரு குரல் கேட்டது. அவர் அவசரமாக மேலே ஏறிப் போனார்.

"இது ரிப்பேரும்மா. எலினாவே சரிபண்ணத்தான் கொண்டுபோயிருக்கா" என்றேன்.

"ரிப்பேருன்னா லைட்டு ஏண்ணே நின்னு எரியுது? தனியா இருந்தா சிமிட்டும்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப இது யாருகிட்டயோ ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எரிச்சலில் எல்லாப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினாள்.

ஷோகேஸில் எலினாவின் ஃபோன் பளிச்சென்று எரிந்தது.

மூன்று பேரும் அதன் பக்கத்தில் போனோம். பாண்டிசெல்வி மெதுவாக வலப்பக்கப் பொத்தானை அமுக்கினாள். ஃபோன் திரையில், திறக்கும் எண்ணைக் கேட்கும் கட்டங்களின் மேல் ஒரு சின்ன வட்டம் வலப்பக்கம் நகர்ந்தது.

"ஏ ஆத்தி" என்றாள். உடனே தன் ஃபோனை எடுத்து, கண்ணாடிக் கடையில் எலினாவோடு வேலை பார்த்த சுடலைமாடத்தியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆமாக்கா" என்றாள் அந்தப் பெண். "தெனமும் சாப்பிட்டு முடிச்சதும் ஃபோனை தண்ணி பாட்டில்ல சாய்ச்சு வச்சு அந்தச் சண்டைய ஆடுவாங்க. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்க மதினிய பத்துக்கு ஒன்னுன்னு அடிக்கணும்னு சொல்லிட்டே ஆடுவாங்க. கஸ்டமர் வந்தாக்கூட, செத்த நேரம் இருங்க சார்ம்பாங்க."

"களவாணிக் கழுத!" என்று கத்தினாள் பாண்டிசெல்வி. "நான் இங்க ஒன்னும் தெரியாம சட்டி கழுவிட்டு இருக்கேன், அவ அங்க டிரெய்னிங் எடுத்திருக்கா!" சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பெனின் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. எலினா போனபிறகு அவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு சேதி கிடைத்தது அதுதான் முதல் முறை.

விலை குறைந்த கன்ட்ரோலர் அது. புதிதாகச் சேர்க்கத் தனிப் பொத்தான் கிடையாது. போட்டவுடன் கடைசியாகச் சேர்ந்திருந்ததைத் தேடும். அது பக்கத்தில் இல்லை என்றால்தான் வேறு ஆளைப் பார்க்கும்.

"அப்ப லேசு மாப்ளே. ஃபோனை ஒரு நிமிசம் ஆஃப் பண்ணிட்டு, பொறவு போட்டுக்கிடுவோம்" என்று பெனின் ஷோகேஸ் பக்கம் கையை நீட்டினார்.

"வேண்டாம் மச்சான்."

என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பெனின் கையை எடுத்துக்கொண்டார். என் ஃபோனை எடுத்து எலினாவின் எண்ணைக் கூப்பிட்டு, திரையில் வந்த பெயரை இருவருக்கும் காட்டினேன். அணைத்தால் அது போய்விடும் என்று சொன்னேன். ஆட்டம் இல்லாவிட்டால் பரவாயில்லை, சாப்பிடலாம் என்றும் சொன்னேன்.

பாண்டிசெல்வி அந்தப் பெயரை வாசித்தாள். "ஆட்டம் ஏண்ணே இல்லாமப் போவுது? ஃபோனுக்குக் காலு இல்ல, நமக்கு இருக்குல்ல. அணைக்காதீங்க. எடுத்துட்டு நடங்க."

பெனின் தாமே கொண்டுபோவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. வயரை உருவி, ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அது வாசல் தாண்டுவது அன்றுதான்.

கேட்டருகே நின்றேன். "இன்னும் ஃபோனைத்தான் பிடிக்கி!" என்று உள்ளேயிருந்து பெனின் கத்தினார். கரண்ட் கம்பம் வரை போனேன். "இன்னும் போங்க!" பால் டிப்போவில் நின்ற ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவர், "என்ன சார், ஃபோனுக்கு டவர் கிடைக்கலையா?" என்றார். "இல்லீங்க, கிடைக்கக் கூடாதுன்னு நடக்கேன்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

தெருமுனையில் நின்றபோது பையில் ஃபோன் வெதுவெதுப்பாக இருந்தது. என் ஃபோன் அடித்தது. பாண்டிசெல்வி.

"அண்ணே, வந்துட்டு! பெட்டில பேரு வந்துட்டு. ஓடியாங்க!"

வாசலில் மறுபடி தயங்கினேன். ஃபோனைப் பார்த்ததும் கன்ட்ரோலர் பழையபடி தாவிவிட்டால்? உள்ளே போய் ஷோகேஸில் வைத்து வயரைச் செருகினேன். பாண்டிசெல்வி பொத்தானை அமுக்கினாள். டிவியில் அவளுடைய சண்டைக்காரன் காலைத் தூக்கினான். ஃபோன் இருட்டாகவே இருந்தது. அந்தக் கன்ட்ரோலருக்கு இனி எலினாவின் ஃபோன் ஞாபகம் இருக்காது. அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. என் ஃபோனிலிருந்து அவள் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெயர் வந்தது.

"போதும்ணே, உக்காருங்க" என்றாள்.

பத்துக்கு ஒன்று என்று என்னை அடித்தாள். எலினா போட்டுவைத்திருந்த அதே கணக்கு, அடி வாங்கிய ஆள்தான் வேறு. நான் ஜெயித்த அந்த ஒன்றும் அவள் தும்மியதால் கிடைத்தது.

"அடுத்த வருசத்துக்குள்ள எங்கயாவது போய்ப் பழகிட்டு வாங்க" என்று பஸ் ஏறும்போது சொன்னாள்.

மறுநாள் விடிவதற்கு முன் ஷோகேஸில் அலாரம் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்காக எலினா வைத்தது, ஞாயிறு தவிர எல்லா நாளும் அடிக்கும். அதை நிறுத்த எண் எதுவும் வேண்டியதில்லை, விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். நான் எழுந்து போய் நிறுத்துவதற்குள் மாடியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கௌதம்ராஜ் இன்னமும் அந்த அலாரத்தில்தான் எழுந்து காலை நடைக்குப் போகிறார்.