வால்வு இரண்டாம் கோட்டில்

வருகிற திங்கட்கிழமை முதல் பேச்சியம்மாள் லேபிள் கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் வடிகட்டும் அறையில் நின்றே உழைத்தவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தால் அது மரியாதையா, தண்டனையா? தண்டனைதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில் அன்னாசி ஒயின் தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை அது. பழச்சாறு நொதித்து ஒயினாகித் தொட்டியிலிருந்து இறங்கும்போது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும். அதைக் கண்ணாடியாக்குவது வடிகட்டும் அறையின் வேலை. துணியில் ஊற்றினால் நடக்கிற காரியமில்லை. பெரிய எஃகு டிரம்முக்குள் வரிசையாக வலைத்தட்டுகள் நிற்கும். அந்தத் தட்டுகளின் மேல் ஒரு வெள்ளைப் பவுடரை விரல் தடிமனுக்குப் படிய வைத்து, அந்தப் படிவின் வழியாக ஒயினைத் தள்ள வேண்டும். கசடு அங்கே நின்றுவிடும், ஒயின் தெளிந்து வெளியே வரும்.

அந்தப் பவுடர் பூமியிலிருந்து வெட்டியெடுத்துச் சுட்டுப் பொடித்த மண். கோதுமை மாவைவிட மென்மையானது. மூட்டையைப் பிரித்தால் அறை முழுக்கப் பனிமூட்டம்தான். முகக்கவசம் இருந்தது, ஜொகூர் வெயிலில் அதை யார் நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருப்பது? விளைவு, இந்த வருட மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. பேச்சியம்மாளின் நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், “இப்போதைக்கு பயமில்ல. ஆனா இனிமே அந்தத் தூசி ஒரு துளிகூட ஆகாது” என்று சொல்லி, கம்பெனிக்கும் கடிதம் எழுதிவிட்டார்.

அவளுக்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றவள் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரூபினி. அவள் மேனேஜரிடம் போய்ச் சண்டை பிடித்து, மரநாரிலிருந்து செய்த பவுடரில் நான்கு மூட்டை வரவழைத்தாள்.

“ஆன்ட்டி, டாக்டர் வேணாம்னது மண் தூசியத்தான். இதுல மண்ணே கிடையாது. முழுக்க மரத்தோட நாரு. தண்ணில ஊற வச்சு ஊத்துறதால பறக்கவும் பறக்காது. இது நல்லா வந்துடுச்சுன்னா நீங்க எங்கயும் போக வேணாம்.”

மேனேஜர் சிறீகாந்தன் சிக்கனமாகப் பேசுகிற மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியும் பேச்சில் அந்த ஊர் போகவில்லை. “ஒரு தொட்டி தாறன். ஒண்டே ஒண்டு” என்றார்.

புதன்கிழமை காலையில் அந்த ஒரு தொட்டி வடிகட்டப்பட்டது.

ரூபினி மலாயில் எழுதியிருந்த செய்முறைத் தாளைச் சுவரில் ஒட்டி, தமிழிலும் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். பவுடரை அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். முதலில் தண்ணீரை ஓட்டிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஒயினில் காகித வாசம் ஏறிவிடும். பம்ப் வால்வை இரண்டாம் கோட்டுக்கு மேல் திறக்கவே கூடாது. சொல்லிவிட்டு, மாதிரி எடுக்கும் பாட்டில்களைக் கொண்டுவர ஆய்வகத்துக்குப் போனாள்.

பேச்சியம்மாள் ஊற வைத்தாள், கழுவினாள், வால்வைப் பிடித்தாள். கை தானாக ஐந்தாம் கோட்டுக்குப் போனது.

அதில் ஆச்சரியமில்லை. மண் பவுடர் கனமானது. மெதுவாக ஓட்டினால் தட்டில் ஒட்டாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேகமாக அடித்தால்தான் பிடிக்கும். பத்தொன்பது வருடம் அப்படித் திறந்த கை, ஒரு காலைப் பொழுதில் மாறிவிடுமா?

பதினைந்து நிமிடத்தில் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஒயின் நூலாக இறங்கி, சொட்டாகி, நின்றே போனது. டிரம்மைத் திறந்தார்கள். பவுடர் படிவு தட்டோடு தட்டாக அப்பிக் கிடந்தது. பேச்சியம்மாள் ஒரு துண்டைப் பெயர்த்து வளைத்துப் பார்த்தாள். மண் படிவு என்றால் உதிரும். இது அட்டைப்பெட்டி மாதிரி விறைத்து நின்றது. ஏன் என்பது அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை.

ரூபினி ஓடிவந்து, பேச்சியம்மாள் நிரப்பியிருந்த வேலைப் பதிவுத் தாளைப் பார்த்தாள். வால்வு இரண்டாம் கோடு என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் இருந்தது.

“எல்லாம் சரியாத்தானே பண்ணியிருக்கீங்க! அப்ப அன்னாசிதான் ஒத்துக்கலையா?” என்று கேட்கும்போதே அவள் முகம் சுண்டிப் போனது.

சிறீகாந்தன் எட்டிப் பார்த்தார். “திருப்பி அனுப்பிவிடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு பேச்சியம்மாள் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும்? சொன்னதைக் கேட்காத கிழவி என்ற பெயர். நார்ப் பவுடர் நிலைத்தாலும் அந்த அறையை அவளிடம் கொடுக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால்? லேபிள் கூடம்தான், ஆனால் தலைநிமிர்ந்து போகலாம். எப்படியும் போகத்தான் போகிறோம், கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு எதற்குப் போக வேண்டும் என்று புரண்டு படுத்தாள்.

வியாழக்கிழமை காளியப்பன் வந்து நின்றான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா. திங்கட்கிழமை முதல் வடிகட்டும் அறை அவனுக்கு. தொழில் சொல்லிக் கொடுக்க வேண்டியது பேச்சியம்மாள். அதுவும் வாசலுக்கு வெளியே நின்றபடி.

“அக்கா, நீங்க அங்கயே இருங்க. லைசென்ஸ் பரீட்சைக்கு ஜேபிஜே ஆபீசர் நிக்கிற மாதிரி இருக்கு” என்று சிரித்தான் அவன்.

“வாயக் குறைடா. மொதல்ல மாஸ்க்கப் போடு.”

“அலமாக், இந்தச் சூட்டுலயா? மூச்சு முட்டும் கா. நீங்க போட்டீங்களா இத்தன வருஷம்?”

அவன் மண் பவுடர் மூட்டையைக் கத்தியால் கிழித்து, பவுடர் கலக்கும் தொட்டிக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உதறினான். அடியில் ஒட்டியிருந்ததும் விழட்டும் என்று உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினான். குப்பென்று வெள்ளைப் புகை எழுந்து அவனை மூடியது. புகை அடங்கியபோது மீசை, புருவம், கண்ணிமை எல்லாம் வெளுத்திருந்தன.

“பாத்தீங்களா கா, ஒரே நிமிஷத்துல தாத்தா ஆயிட்டேன்” என்று சொல்லிவிட்டு இருமினான். இருமி முடித்து, மறுபடி சிரித்து, அடுத்த மூட்டையை எடுத்தான்.

“அத கீழ வையி” என்றாள் பேச்சியம்மாள்.

“ஏன்?”

“வையின்னா வையி. வந்துர்றேன்.”

நேராக அலுவலகத்துக்கு நடந்தாள். சிறீகாந்தன் மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே ரூபினி திருப்பி அனுப்பும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“சார், அந்த நார் மூட்டை போயிடுச்சா?”

“பின்னேரம் லொறி வருது. ஏன்?”

“அனுப்பாதீங்க சார். பவுடர் மேல தப்பில்ல. என் கை மேலதான். அஞ்சாங்கோட்டுக்குத் திறந்துட்டேன்.”

ரூபினியின் பேனா நின்றது. சிறீகாந்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தாளில இரண்டு எண்டு டிக் இருக்குதே?”

“டிக்கு காலைல ஏழரைக்கே போட்டது சார்.”

“எல்லாக் கட்டத்துக்குமோ?”

“எல்லாத்துக்கும். வந்ததும் ஒரே வரிசையாப் போட்டுட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன்.”

“நேற்று மட்டுமோ?”

“பத்தொம்பது வருஷமா.”

ரூபினி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்கினாளா சிரிப்பை அடக்கினாளா என்பது தெரியவில்லை. சிறீகாந்தன் திரும்பி, பின்னால் அலமாரி நிறைய அடுக்கியிருந்த கோப்புகளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்ப இதுக்குள்ள நான் கட்டி வச்சிருக்கிறது என்ன?”

“டிக்கு சார்” என்றாள் பேச்சியம்மாள் பாவமாக.

அவளே தொடர்ந்தாள். “குழாப்புட்டு அவிக்கிறோம்ல சார், மாவ அள்ளி லேசாப் போட்டாத்தான் ஆவி மேல வரும். கையால அமுக்கி அடச்சா? மேல வரவே வராது, கீழ தண்ணிதான் கொதிச்சுக்கிட்டுக் கிடக்கும். அந்தக் கதைதான் நேத்து நடந்தது. மண்ணு அமுங்காது, எவ்வளவு வேகமா அடிச்சாலும் தாங்கும். நாரு அமுங்கிடுச்சு. பாத்ததுமே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்.”

“இப்ப ஏன் சொல்றீங்க ஆன்ட்டி?” என்று ரூபினி மெல்லக் கேட்டாள்.

“அந்தக் கூறுகெட்டவன் மாஸ்க் போடாம மூட்டைய உதறுறான் மா.”

சிறீகாந்தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நாளைக்கு இன்னொரு தொட்டி ஓட்டுவம். வால்வு காளியப்பன் பிடிக்கட்டும். உங்கட கை உங்களைக் கேளாமலே வேலை செய்யுது. அவனுக்கு இன்னும் அப்பிடி ஒரு கை வரேல்ல. நீங்கள் கிட்ட நிண்டு சொல்லுங்கோ, தொடாதேங்கோ.”

“திங்கக்கிழமை சார்?”

“அது மாறேல்ல. திங்கட்கிழமை லேபிள் கூடம்தான்.”

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பேச்சியம்மாளும் ரூபினியும் காளியப்பனும் முகக்கவசத்தோடு அறைக்குள் நின்றார்கள். நார்ப் பவுடர் தண்ணீரில் கஞ்சி போல ஊறிக் கிடந்தது. கழுவி ஓட்டிய முதல் தண்ணீரை ரூபினி வாயில் வைத்துப் பார்த்து, “இன்னும் பேப்பர் வாசம் இருக்கு” என்று கொட்டச் சொன்னாள். இரண்டாவது வாளியையும் கொட்டினார்கள். மூன்றாவது வாளிக்குத் தலையசைத்தாள். சிறீகாந்தன் வாசலில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். கோலாலம்பூரிலிருந்து அழைப்பு வரவே வெளியே போனார். ரூபினியும் மாதிரி பாட்டிலோடு ஆய்வகத்துக்குப் போனாள்.

ஒயின் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. முள் ஒரு கோடு ஏறி நின்றது.

“கா, இப்படி வந்தா தீபாவளிக்குத்தான் முடியும். மூணுக்குத் திறக்கவா?”

“தொடாத.”

“முள்ளு ஏறுதே?”

“அது ஏறி நிக்கும். பொறு.”

காளியப்பன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு பண்ணலாமா? நீங்களே பிடிங்க. உங்க கை நேக்கு எனக்கு வராது. யாரு பாக்கப் போறா? நல்லா வந்துச்சுன்னா உங்க ரூமு உங்களுக்கே.”

பேச்சியம்மாளின் வலது கை அதற்குள் பாதி தூரம் போயிருந்தது. வால்வின் குளிர்ந்த பிடி அவள் உள்ளங்கைக்குப் பழகிய இடம். கண்ணை மூடிக்கொண்டு திறப்பாள், மூடுவாள். அவள் கையை இழுத்து, இரண்டு கைகளையும் ரப்பர் ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டாள்.

“எனக்கே என் கைய நம்ப முடியலடா. நீ பிடி. ரெண்டுலயே பிடி.”

இருபது நிமிடம் போனது. முள் அதற்கு மேல் ஏறவில்லை. சொட்டு நூலானது, நூல் விரல் தடிமனானது. அவள் மேசையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையை எடுத்து, ஒயின் ஓடும் கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் காளியப்பனைப் பிடிக்கச் சொன்னாள். இந்த அறையில் தெளிவைப் பார்க்கும் முறை அதுதான். தலைப்பு தெரிந்தது, அதை விட்டுவிட்டு அடியிலிருந்த பொடி எழுத்து விளம்பரத்தை வாசித்தாள். “தங்காக்கில் துணிக்கடைக்கு விற்பனைப் பெண்கள் தேவை... உணவு, தங்குமிடம் இலவசம்...”

“போறீங்களா கா?”

“ஒத வாங்குவ.”

வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் முடிகிற தொட்டி, அன்று நான்கரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஆனால் கடைசிச் சொட்டு வரை முள் நகரவில்லை. டிரம்மைத் திறந்தபோது படிவு ஈரத் தோசை மாதிரி மெத்தென்று வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அதைத் தோட்டத்துக்காரர்கள் அன்னாசிப் பாத்தியில் கொட்டிக்கொள்வார்களாம் என்றாள் ரூபினி. மண் படிவு என்றால் லாரி பிடித்துக் குப்பைக்கிடங்குக்கு அனுப்ப வேண்டும்.

சிறீகாந்தன் கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “வடிவாத்தான் வந்திருக்கு” என்றார். பிறகு பேச்சியம்மாள் பக்கம் திரும்பாமலேயே கேட்டார். “காளியப்பன், வால்வை யார் பிடிச்சது?”

“நான்தான் பொஸ். அக்கா கைய வெளியவே எடுக்கல. மூக்குச் சொறியக்கூட என்னத்தான் கேட்டாங்க.”

“மூக்கச் சொறிஞ்சது மட்டும் பொய் சார்” என்றாள் அவள்.

சிறீகாந்தனின் உதடு லேசாக வளைந்தது. “டாக்டரிட்டப் புதுக் கடிதம் கேப்பம். இந்தப் பவுடர் ஆகும் எண்டு அவர் எழுதித் தந்தால் லேபிள் கூடத்துக்கு வேற ஆளை அனுப்புறன். ஆனால் ஒரு மாதத்துக்கு வால்வு இவன்ட கையிலதான். நீங்கள் பக்கத்தில நிண்டு தாள் எழுதுங்கோ. நடந்த பிறகு டிக். விளங்குதோ?”

“விளங்குது சார்.”

அவர் போனதும் பேச்சியம்மாள் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினாள். ஆழமாக மூச்சை இழுத்தாள். உள்ளே எங்கோ லேசாகப் பிடித்துக்கொண்டுதான் விட்டது. அது இனிப் போகாது, ஆனால் அதிகமாக விடவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டாள்.

“கா!” உள்ளேயிருந்து காளியப்பனின் குரல் அதிகாரமாக வந்தது. “அடுத்த தொட்டிக்குப் பவுடர ஊறப் போடுங்க. ஒரு மாசம் நான்தான் இங்க பொஸ், தெரியும்ல?”

“பெரிய பொஸ்ஸு. மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துடா மொதல்ல” என்று சொல்லிக்கொண்டே, தன்னுடையதை மறுபடி மாட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.