வரிசையில் நின்ற செருப்புகள்

"அப்பா, உங்களுக்குக் காய்ச்சல் வந்தா அது எந்த நாட்டுக் காய்ச்சல்?"

என் மகள் கினந்தி ஒன்பது வயதில் சாப்பாட்டு மேசையில் இப்படிக் கேட்டாள். அவள் தட்டுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்ப அட்டை கிடந்தது. அதில் மூன்று பெயர்கள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நேரே 'இந்தோனேசியா' என்றிருந்தது. எனக்கு நேரே 'பிலிப்பைன்ஸ்'. ஜாவாத் தீவின் சாலதிகா நகரில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருந்து, பியானோ சொல்லிக்கொடுத்து, தேவாலயப் பாடகர் குழுவை நடத்திவந்தும் அட்டையில் நான் இன்னும் வெளிநாட்டுக்காரன்தான்.

"பேசாம சாப்பிடு" என்றேன்.

"அவ கேட்டதுல என்ன தப்பு?" என்றாள் மனைவி வெனிங். "நானும் அதத்தானே நாலு மாசமாக் கேக்கறேன்."

வெனிங்குக்குப் பித்தப்பையில் கல். தேங்காய்ப்பால் சேர்த்த எதைச் சாப்பிட்டாலும் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால் அது நடக்கும். ஆனால் அதில் ஒரு விதி இருந்தது. குடும்ப அட்டையில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்தே சேர வேண்டும். ஒருவர் விலகி நின்றால் மற்றவர்களுக்கும் கிடையாது. என்னிடம் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் காப்பீடு இருந்தது, எனக்கு மட்டும். அவளையும் சேர்க்கச் சொன்னபோது, ஏற்கெனவே கல் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். ஆக, அவள் வலி என் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

நான் காரணங்கள் சொன்னேன். எதற்கெடுத்தாலும் முதலில் சுகாதார நிலையத்தில் வரிசை. அங்கே சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரி. ஓர் அறையில் ஆறு கட்டில். இதெல்லாம் உண்மைதான். ஆனால் என்னைத் தடுத்தது இதெல்லாம் இல்லை. என்னைத் தடுத்தவர் எங்கள் சந்தில் நான்காவது வீட்டில் இருந்தார். பெயர் வவுட்டர்.

ஹாலந்துக்காரர். ரொட்டி சுட்டு ஓய்வு பெற்றவர். இங்கே வந்து பதினொரு வருடம். வந்த வேகத்தில் அரசுக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டார். மாதா மாதம் சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்த அழுத்த மாத்திரை வாங்கிவருவார். அதை ஊரே கொண்டாடியது. 'பாக்' என்றால் இங்கே 'ஐயா'.

"பாக் வவுட்டரப் பாருங்க, வெள்ளைக்காரரு, நம்மகூடப் பெஞ்சுல உக்காந்து பல்லு விளக்காத கிழவிங்ககிட்ட கதை பேசறாரு" என்பாள் காய்கறி விற்கும் தார்மி அக்கா. "நீங்களும் இருக்கீங்களே, பாக் அந்த்ரோ! தும்மினாக்கூட சிங்கப்பூருக்குக் கடுதாசி போடறீங்க."

வவுட்டருக்கு ஜாவா மொழி அரைகுறை. பெரியவர்களிடம் பேச வேண்டிய மரியாதைப் பேச்சு வரவே வராது. தார்மி அக்காவையே "ஏய், இங்க வாடி, கீரை குடு" என்கிற மாதிரிதான் கூப்பிடுவார். தெருவே விழுந்து விழுந்து சிரிக்கும். இரண்டு கட்டுக் கீரை கூடுதலாகக் கிடைக்கும். நான் ஒரு வார்த்தை பிசகாமல் பேசுவேன். யாரும் சிரித்ததில்லை, யாரும் வியந்ததும் இல்லை. என் முகம் இவர்கள் முகம் மாதிரியே இருப்பதால் நான் வெளியூர்க்காரன் என்பதே பலருக்குத் தெரியாது. அந்நியனுக்குரிய உபசாரமும் எனக்கில்லை, சொந்தக்காரனுக்குரிய உரிமையும் இல்லை.

ஞாயிறுதோறும் அயலானை நேசிக்கச் சொல்லும் பாட்டுக்கு நான் கையசைத்துத் தாளம் காட்டினேன். கண் மட்டும், வவுட்டர் சுட்டுக் கொண்டுவந்த ரொட்டியை எத்தனை பேர் வாங்கித் தின்கிறார்கள் என்று பின்வரிசையில் எண்ணிக்கொண்டிருந்தது. கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஒரு வியாழக்கிழமை பாடல் பயிற்சி முடிந்து வந்தேன். வெனிங் படுக்கையில் இருந்தாள். வலி தாளாமல் போனதாம். வவுட்டர் தன் மோட்டார் சைக்கிளில் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், ஊசி போடவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டாராம்.

"என்னை ஏன் கூப்பிடல?"

"நாலு தடவ கூப்பிட்டேன். பயிற்சின்னா உங்க போன் பையிலதானே கெடக்கும்." கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "பாவம் அந்த மனுஷன், மூணு மணி நேரம் என் கூடவே உக்காந்திருந்தாரு. எங்க வலிக்குதுன்னு நர்ஸம்மாக்கு அவருதான் எடுத்துச் சொன்னாரு."

அவளுக்கு வலித்தது என்பதைவிட, எங்கே வலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என்னைச் சுட்டது. இதை இன்று எழுதக் கூசுகிறது. ஆனாலும் உண்மை.

"அவரு சொன்னாரு" என்றாள் மெதுவாக, "கையெழுத்துப் போட்டுப் பதினாலு நாள்ல அட்டை வந்துருமாம்."

"அவரு சொல்லித்தான் நான் என் குடும்பத்தப் பாத்துக்கணுமா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் நானே சுகாதார நிலையத்துக்குப் போனேன். சேர்வதற்கு இல்லை. அந்த இடத்தின் குறைகளை நேரில் பார்த்துவிட்டு வந்து, சேர மாட்டேன் என்று அடித்துச் சொல்வதற்கு. ஆறு மணி. கேட் பூட்டியிருந்தது. தூறல். ஆள் யாரும் இல்லை. கேட்டின் முன்னால் சிமெண்டுத் தரையில் முப்பது ஜோடிச் செருப்புகள் நனைந்துகொண்டு கிடந்தன.

நான் ஒழுங்கு பார்க்கிறவன். எங்கள் வீட்டு வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. பக்கத்துத் தொழுகைக் கூடத்தில் தொழப் போனவர்கள் விட்டுப்போன செருப்புகள், திரும்பி வரும்போது ஈரமாக இருக்குமே என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கூரைக்கு அடியில் திண்டின் மேல் அடுக்கினேன். சிறியது முதல் பெரியது வரை, ஜோடி ஜோடியாக, நூல் பிடித்தது போல. வெகு நாளைக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

டீக்கடையிலிருந்து கூட்டம் திரும்பிவந்தது.

"ஐயோ! வரிசையக் கலைச்சது யாரு?"

அப்போதுதான் புரிந்தது. அவை விட்டுப்போன செருப்புகள் இல்லை. அதுதான் வரிசை. ஆளுக்குப் பதிலாகச் செருப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

"நான் மலை மேலருந்து நாலு மணிக்கு வந்தேன்!" ஒரு மூதாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் மூணாவது!"

"நீங்க மூணாவதா? அப்ப நான் யாரு?"

"எந்த எடுபட்ட பய இத அடுக்கி வெச்சான்? கடை போடறானா?"

முப்பது ஜோடிக் கண்கள் என் ஈரக் கைகளைப் பார்த்தன. நான் பிலிப்பைன்ஸ்காரன், தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"நான்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வவுட்டர். வெறுங்காலோடு நின்றிருந்தார். "மழ பெஞ்சுதா, நனையுமேன்னு எடுத்து வெச்சுட்டேன். மன்னிச்சுக்கடி, பாட்டி."

அந்த மூதாட்டியே முதலில் சிரித்தாள். "இந்த வெள்ளைப் பூதத்துக்கு என்ன தெரியும்! விடுங்கடா, நாமளே சரி பண்ணிக்குவோம்." நீ முன்னால், நான் பின்னால் என்று பத்து நிமிடத்தில் வரிசை மறுபடி உருவானது. முதல் இடத்தில் இருந்தது படகு மாதிரியான ஒரு ஜோடி. வவுட்டருடையது. அதை அவர் எடுத்துக் கடைசியில் போட்டார். "தப்புப் பண்ணவன் கடைசி" என்றார். கை தட்டினார்கள்.

என் மனம் அப்போதும் திருந்தவில்லை. நான் செய்த தப்பைக்கூட, அவர் எடுத்துப் போட்டுக்கொண்டதும் ஊர் ரசிக்கிறதே என்றுதான் எரிந்தது.

பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"என்னைத் திட்டமாட்டாங்க, பாக் அந்த்ரோ. இந்த மூக்குக்கு அப்படி ஒரு சலுகை. சும்மாதானே கெடக்குது, யாருக்காவது ஆகட்டும்." பாதத்தில் ஒட்டிய ஈரமண்ணைத் தட்டிவிட்டார். "உங்களைப் பாத்து எனக்குப் பொறாமை, தெரியுமா? நீங்க கடைக்குப் போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. சிரிக்க வைக்கலேன்னா என்னைச் சேத்துக்குவாங்களான்னு நான் பதினொரு வருஷமா பயந்துகிட்டே இருக்கேன்."

அவர் வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டே என் பையிலிருந்த குடும்ப அட்டையைத் தொட்டேன். நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. அந்த நன்றி பாக்கியாகவே நின்றது.

அங்கிருந்து நேராகக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். மூன்று பெயர்கள், மூன்று அட்டைகள். அடுத்த மாதமே வெனிங்குக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அறையில் ஆறு கட்டில்தான். மற்ற ஐந்து கட்டில்காரர்களின் உறவினர்களும் அவளுக்குக் கஞ்சி ஊட்டினார்கள். கினந்தி என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப உங்க காய்ச்சல் இனிமே நம்ம ஊர்க் காய்ச்சல்" என்றாள்.

அந்த வருட மழைக்காலத்தில் வவுட்டருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்க, செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போகப் போவதாக வெனிங்கிடம் வேலியோரம் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். உள்ளே லேசாக ஒரு முள் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, விடியற்காலைத் தொழுகை அழைப்புக்கு முன்பே எழுந்தேன். அவர் வாசலில் கிடந்த பழைய செருப்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். சுகாதார நிலையத்தின் முன்னால் இன்னும் ஒருவரும் வரவில்லை. டீக்கடையும் திறக்கவில்லை. அந்தப் படகுகள் இரண்டையும் கேட்டை ஒட்டி முதலாவதாக வைத்தேன். கை வழக்கம்போல நேராகத்தான் வைத்தது. பிறகு குனிந்து ஒன்றைக் கொஞ்சம் கோணலாக்கினேன். நேராக இருந்தால் யார் வைத்தது என்று கண்டுபிடித்துவிடுவார்.