ஆள் வந்தால் ஓடும் பெட்டி

மோனிஷாவின் கணினி, அதை விற்றவர் பார்க்கும்போது மட்டும் விளம்பரத்தில் சொன்ன வேகத்தில் ஓடியது. அவள் தனியே அமர்ந்து வேலை செய்யும்போது தவழ்ந்தது. இதன் காரணம் குமாரபாளையத்தில் அந்த வீட்டார் எவருக்கும் விளங்கவில்லை.

பெங்களூரிலுள்ள நிறுவனம் ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தாள். இன்னும் கட்டப்படாத வீடுகளுக்குள் நடந்து பார்ப்பது போன்ற படங்களை உருவாக்குவது அவள் பணி. முந்தைய படங்கள் தாமதமாகிவிட்டன. இந்தப் படமும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வராவிட்டால், அடுத்த மாதம் முதல் பெங்களூர் அலுவலகத்துக்கே வந்துவிட வேண்டும் என்று மேலாளர் கூறிவிட்டார். அவளுக்குத் திருமணமாகி ஓராண்டு நிறையவில்லை. கணவன் யோகேஷோ வீட்டை ஒட்டிய தறிப்பட்டறையை விட்டு எங்கும் நகர இயலாதவன்.

கணினியின் மூளையான பிராசசர் என்னும் செயலி வந்த அட்டைப்பெட்டியின்மேல் நான்கரை கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் திரை காட்டிய எண் ஒன்றைக்கூட எட்டவில்லை. கணினிப் பெட்டியைச் சேலத்துக்குத் தூக்கிச் சென்றாள். அதை அவளுக்கு விற்ற, அஸ்தம்பட்டியில் கடை வைத்திருந்த வின்சென்ட் இயக்கியதும் எண் நான்கைத் தாண்டி நின்றது. சூடேறினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று விளக்கி, உள்ளே துடைத்து, செயலியின் சூட்டைக் கடத்தும் பசையையும் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பழைய கதையே. தறிகள் மின்சாரத்தை இழுப்பதால் இருக்கலாம் என்று ஐயுற்று யுபிஎஸ் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. பிறகு வீடியோ அழைப்பில் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே எண் ஏறிவிட்டது.

"என்னப் பாத்தா பயப்படுது போல, சிஸ்டர்," என்றார் வின்சென்ட்.

மாமியார் கந்தம்மாள் சிரிக்கவில்லை. "அந்தத் தம்பி போட்டோவ எதுக்கால மாட்டி வெச்சிரு கண்ணு," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பாதிப் படம்கூட முடியாதிருக்க, மோனிஷா கெஞ்சிக் கேட்டதன் பேரில் வின்சென்ட் பேருந்தேறி நேரிலேயே வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் கந்தம்மாள் விரைந்து அறைக்குள் வந்து, கணினிப் பெட்டியின் மேலிருந்த துணியுறையை உருவிச் சுருட்டி அலமாரிக்குள் செருகினார்.

தறி ஓடும் வீட்டில் உறையில்லாத பொருள் இராது. காற்றெல்லாம் பஞ்சுத்தூசி. தொலைக்காட்சிக்கும் மாவரைக்கும் இயந்திரத்துக்கும் தைத்ததைப் போலவே, லுங்கித் துணியை இரட்டையாக மடித்துக் கணினிக்கும் உறை தைத்திருந்தார் கந்தம்மாள். பொத்தானை அழுத்த முன்புறத்தில் மட்டும் ஒரு திறப்பு. பிறர் பார்க்க நேர்ந்தால் உறையை எடுத்துவிட்டுப் பளிச்சென்று காட்டுவது வழக்கம். சேலத்துக்கு எடுத்துச் சென்றபோதும், வீடியோ அழைப்புக்கு முன்பும் அப்படித்தான் செய்தார்கள்.

வின்சென்ட் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரையில் எண் ஏறத் தொடங்கியது. மோனிஷா எண்ணைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள்.

"அத்தை, அந்த உறைய எடுங்க."

அது அழுக்காக இருப்பதாகக் கந்தம்மாள் மறுத்தார். மோனிஷா தானே எடுத்து வின்சென்ட்டிடம் நீட்டினாள். துணி இன்னும் சுட்டது. பின்புறத்தில் வெப்பக்காற்று வெளியேறும் வழி முழுவதையும் அது அடைத்திருந்தது.

"அப்ப மூடினா கெட்டுப் போகுங்களா சாமி?"

"சூடாகும்மா. அதான் இழுக்குது."

"மூடாட்டி?"

தூசி அடையும், மாதம் ஒருமுறை ஊதிவிட வேண்டும் என்றார் வின்சென்ட். மூடினாலும் கேடு, மூடாவிட்டாலும் கேடு என்னும் ஒரு பொருளை எதற்காக விற்கிறார்கள் என்பது கந்தம்மாளுக்குப் புரியவில்லை. வின்சென்ட்டோ இன்று மட்டும் கூடுதலாகக் காற்றோடட்டும் என்று பக்கத் தகட்டையும் கழற்றி வைத்தார். பெட்டியின் குடல் வெளியே தெரிந்தது. பட்டறைப் பக்கமிருந்து பஞ்சு மிதந்து வந்து ஒரு கம்பியின்மேல் உட்கார்ந்தது.

கந்தம்மாள் பட்டறைக்குச் சென்று தறிகளுக்கான மெயின் சுவிட்சை இறக்கினார். தறிகள் அனைத்தும் நின்றன. யோகேஷ் காரணம் கேட்டதற்கு, சாயங்காலம் வரை பேசாமல் இரு என்பதே விடை.

மின்வெட்டு இல்லாத நாளில் நடுப்பகலில் தறி நின்றால், அத்தெருவில் அதற்கு ஒரே பொருள், வீட்டில் சாவு. எதிர்வீட்டுச் சென்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "யாருக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலீங்க. உள்ள பொட்டி வேல செய்யுது. சத்தம் போடாதீங்க."

சென்னியம்மாளுக்கு இது அச்சத்தையே தந்தது. கந்தம்மாள் துக்கத்தால் ஏதோ பேசுகிறார் என்று முடிவு செய்து வாசற்படியில் அமர்ந்தார். பின்னால் வந்த மூன்று பெண்களும் அமர்ந்தனர். கொண்டுவந்து வைத்த காப்பியை எவரும் தொடவில்லை.

பொழுது சாயுமுன் மோனிஷா வெளியே வந்தாள். படம் பெங்களூருக்குப் போய்விட்டது, அடுத்ததையும் வீட்டிலிருந்தே செய்யலாமென்று பதில் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, கூடியிருந்தவர்களைக் கண்டு திகைத்து நின்றாள். அழுவதா, வாழ்த்துவதா என்று தெரியாமல் அவர்களும் அவளையே பார்த்தனர்.

யோகேஷ் சுவிட்சைப் போட்டான். தறிகள் ஓடத் தொடங்கிய பிறகே சென்னியம்மாள், ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.