பார்லிமெண்டும் ஆறரை மணிக் கதவும்

இன்று வகுப்பில் பாடம் நடத்த வேண்டியது என் முறை. சரியாக நடத்தினேனா என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் மாலை வகுப்புக்கு ஆசிரியர் கிடையாது. கூடலூரில் லாரி புக்கிங் ஆபீஸ் மாடியில் பதினொரு பேர் கூடி குரூப் நாலு தேர்வுக்குப் படிக்கிறோம். பாடங்களைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் நடத்துவோம். எனக்கு வந்தது நாடாளுமன்றத்தின் அதிகாரங்களும் அவற்றின் வரம்பும்.

போன வாரம் விஜயபாண்டி அண்ணன் ஒரு விதி கொண்டுவந்தார். ஆறரைக்குக் கதவைச் சாத்திவிட வேண்டும், பிறகு வருகிறவர்களுக்கு இடமில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பிந்தி வருகிறவருக்காக ஒவ்வொரு நாளும் பாடத்தை மறுபடி சொன்னால் தேர்வுக்குள் பாதிப் புத்தகம்கூட முடியாது. ஆனால் அப்படி வருவது சொர்ணலதா அக்கா ஒருவர்தான். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறார். தோட்ட ஜீப் செக்போஸ்ட் தாண்டி மலையிறங்க ஏழாகிவிடும். வீட்டுக்குக்கூடப் போகாமல் ஓடி வருவார். உட்கார்ந்ததும் அறை முழுக்க ஏலக்காய் மணக்கும். இந்த விதியோடு அவருடைய படிப்பு முடிந்துவிடும்.

ஓட்டெடுப்பு அவர் வருவதற்கு முன்பே நடந்தது. வந்திருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஆதரவு. நான் எதிர்த்தேன், அதுவும் கையைக் காதுவரைதான் தூக்கினேன். அரசியல் சட்டத்தைத் திருத்தத் தேவையான பெரும்பான்மையை வைத்துச் சரிபார்த்தேன்: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு. இரண்டும் இருந்தன. கணக்கில் ஓட்டை இல்லை.

இன்றுதான் விதி அமலுக்கு வந்தது. கதவைச் சாத்தினார்கள், பாடத்தைத் தொடங்கினேன். சட்டம் இயற்றுவது, வரவுசெலவுக்கு ஒப்புதல் தருவது, அமைச்சரவையைக் கேள்வி கேட்பது, அரசியல் சட்டத்தையே திருத்துவது. அப்படியென்றால் எதை வேண்டுமானாலும் திருத்தலாமா? முடியாது என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது. பதிமூன்று நீதிபதிகளில் ஏழு பேரின் முடிவு அது. திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பே இல்லை என்று பிறகு நாடாளுமன்றம் எழுதிச் சேர்த்ததையும் 1980-ல் செல்லாது என்றார்கள்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. விதியை அக்காவிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். தட்டவில்லை.

அடுத்த வரி எனக்கு மறந்துபோனது. நம்முடைய விதியும் அடிப்படையைச் சிதைக்கிற அந்த மாதிரித் திருத்தம்தான் என்று தோன்றுவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

விஜயபாண்டி அண்ணன் சிரித்தார். "எட்டுப் பேரு ஓட்டுப் போட்டது செல்லாதுன்னு சொல்ல நீ யாருலே, சுப்ரீம் கோர்ட்டா?"

"இல்லண்ணே. நமக்குக் கோர்ட்டே கெடையாது."

"பெறகு? நம்ம வகுப்புக்கு அடிப்படை இதுதான்னு எவஞ் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீக. நீங்க ஜீப் ஓட்டுனப்ப, லேட்டா வந்தீகன்னு கம்பம் டவுன் டியூஷன்ல வெளிய நிப்பாட்டுனாக. வேலைக்குப் போறவுகளுக்குன்னு ஒரு வகுப்பு வேணும்னுதான் இதை ஆரம்பிச்சேன்னு சொன்னீக."

அதிகம் பேசிவிட்டோமோ என்று நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அண்ணன் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அக்கா வருகிற தோட்ட ஜீப்பைத் தானே ஓட்டியிருந்தால் இன்னும் பிந்தித்தான் வந்திருக்கும் என்று முணுமுணுத்தபடி எழுந்து, அவரே போய்க் கதவைத் திறந்தார்.

"அங்கன என்ன நிக்கிற? உள்ள வா ஆத்தா."

அக்கா தலையைக் குனிந்தபடி வந்து ஓரமாக உட்கார்ந்தார். எவ்வளவு பாடம் போய்விட்டது என்று பக்கத்திலிருந்த பூமாரியிடம் கிசுகிசுத்தார்.

என் உதாரணம் சரிதானா என்பதில் இப்போதும் சந்தேகம்தான். நாடாளுமன்றத்தைத் தடுத்தது நீதிமன்றம். இங்கே விதி போட்டவரே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். தேர்வுக்கு இது உதவாது.

"மொதல்லருந்து சொல்லு, முத்துராஜா" என்றார் அண்ணன். மற்றவர்கள் முனகினார்கள். முனகிக்கொண்டே நோட்டைப் பின்னால் புரட்டினார்கள்.