ஒர்லிட்சா விமானதளத்தின் நாற்பதாம் நாள்

1

இந்தக் கதை ஐந்து வரியில் முடிந்திருக்க வேண்டியது.

வருகிற வெள்ளிக்கிழமையோடு என் கணவர் ஸ்பாஸ் இறந்து ஒரு வருடம். எங்கள் பக்கத்தில் நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருடம் என்று ஒவ்வொன்றுக்கும் அஞ்சலி நோட்டீஸ் அடித்து ஒட்டியாக வேண்டும். வீட்டுக் கதவில் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, போனவர் வழக்கமாக உட்கார்ந்து குடித்த கடையின் சன்னலில் ஒன்று. நோட்டீஸ் அடிக்கும் சோன்கா, படத்துக்குக் கீழே ஐந்து வரிக்கு மேல் இடம் தரமாட்டாள். நான் எழுதிக்கொண்டுபோனதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, நோட்டீஸா நாவலா? மனுஷன் செத்துட்டார்ங்கறதே மூணு பக்கம் தாண்டியும் வரலியே!"

"வரும். அதுக்கு முன்னாடி அவர் யாருக்குக் கீழ வேலை பார்த்தார்னு சொல்ல வேண்டாமா?"

"அதையா சொல்லப் போறீங்க? அது அவருக்கே தெரியாதே!"

உண்மைதான். சோன்கா வெட்டிக் கையில் கொடுத்த மிச்சம்தான் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

2

தொடக்கங்கள் பல எழுதிப் பார்த்தேன்.

"பனி மூடிய ஓடுபாதையின் கோடியில் ஒரு தனி மனிதன் நின்றிருந்தான்." அடித்துவிட்டேன். அது ஆகஸ்ட் மாதம். தனியாகவும் இல்லை. கிடங்குப் பொறுப்பாளர் மின்யோ இருந்தார், ஒரு நாய் இருந்தது.

"லெப்டினன்ட் கர்னல் ஸ்பாஸ் கலைஜியேவ் உயரமானவர். நிமிர்ந்த நடை, கழுகுப் பார்வை—" இதுவும் வேண்டாம். கழுகுப் பார்வை உள்ளவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடமாட்டார்.

ஆகவே நான் தளத்துப் பள்ளியில் இலக்கியம் நடத்தியபோது செய்ததைப் போலவே செய்கிறேன். முதலில் இலக்கணம், கதை பிறகு.

விமானப்படையில் ஒரு தளம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. யாருக்குக் கீழே இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். முன்பெல்லாம் படைப்பிரிவுக்கு மேல் படைப்பிரிவு, அதற்கு மேல் இன்னொன்று என்று மாடிமேல் மாடியாக அடுக்கியிருந்தார்கள். பிறகு சீர்திருத்தம் வந்தது. அடுக்குகளை எல்லாம் கலைத்து இரண்டே கட்டளையகங்கள் வைத்தார்கள். விமானங்கள் உள்ள தளங்கள் தாக்குதல் கட்டளையகத்துக்கு. ரேடார் உள்ள தளங்கள் காவல் கட்டளையகத்துக்கு. குழந்தைக்குக்கூடப் புரியும் ஏற்பாடு.

எங்கள் ஒர்லிட்சாவில் இரண்டும் இருந்தன.

தாக்குதல் கட்டளையகத்தார் வந்து தங்கள் விமானங்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்து காவல் கட்டளையகத்தார் வந்து தங்கள் ரேடாரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருப்பது மற்றவருடையது என்று இரு தரப்பாரும் நினைத்தார்கள். மிச்சம் இருந்தவை: ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம், அதன் உச்சியில் ஒரு நாரைக்கூடு, கொடிக்கம்பம், மின்யோ, நாய், ஸ்பாஸ். (நானும்தான். ஆனால் மனைவிகள் எந்தக் கட்டளையகத்தின் கணக்கிலும் வருவதில்லை.)

ஸ்பாஸ் தலைநகருக்குப் போய், தலைமையகச் சுவரில் மாட்டியிருந்த புதிய அமைப்பு வரைபடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்.

"நம்ம பேரு இருக்கு நெவெனா. கட்டம்கூட அழகாப் போட்டிருக்கான். மேல போற கோடுதான் இல்ல."

"ஒரு பென்சில எடுத்து நீங்களே இழுத்துட்டு வர்றதுதானே?"

"எந்தப் பக்கம் இழுக்கறது?" என்று கேட்டார். கேலி இல்லை. பேருந்தில் வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்திருக்கிறார்.

3

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு கேள்வி எழும்: கோடு இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகிறது?

கொடி. அதுதான் சிக்கல். ஒரு தளத்தை மூடுவதென்றால் மேலே உள்ள கட்டளையகம் உத்தரவு தர வேண்டும். அதன் பிறகே கொடியைக் கடைசி முறையாக இறக்கி, மடித்து, மேலதிகாரி கையில் கொடுத்துவிட்டு, தளபதி வீட்டுக்குப் போகலாம். மேலே யாரும் இல்லை. ஆகவே உத்தரவு இல்லை. ஆகவே ஸ்பாஸ் போக முடியாது. ஓய்வு கேட்டு எழுதினார். அதில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அந்த இல்லாத மேலதிகாரியேதான்.

எனக்கோ சொசோபோலில் அப்பா விட்டுப்போன வீடு இருந்தது. முற்றத்தில் அத்திமரம், சன்னலைத் திறந்தால் கடல். "கொடி இறங்கின மறுநாள், முதல் பஸ்" என்று ஸ்பாஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பிப் பெட்டியைக் கட்டினேன். திரைச்சீலைகளையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அதன் பிறகு நான்கு கோடைகாலம் நாங்கள் திரையில்லாத வீட்டில், நாரை பார்க்கச் சாப்பிட்டோம்.

தினமும் காலையில் மின்யோவும் அவரும் கொடியை ஏற்றினார்கள், மாலை ஐந்து மணிக்கு இறக்கினார்கள். ஒரு நாள் தாக்குதல் கட்டளையகத்துக்கும் மறுநாள் காவல் கட்டளையகத்துக்கும் தொலைபேசியில், "ஒர்லிட்சா தளம், எல்லாம் ஒழுங்கு" என்று அறிக்கை. இரண்டு இடத்திலும், "சரி, குறிச்சாச்சு" என்பார்கள். எங்கே குறித்தார்கள் என்பது கடவுளுக்குத் தெரியும்.

4

கதைக்கு இங்கே ஒரு திருப்பம் வேண்டும். நல்லவேளையாக நடந்தே இருக்கிறது. நான் புனைய வேண்டியதில்லை.

ஒரு மதியம், தக்காளி சாலடும் ராகியாச் சாராயமுமாக உட்கார்ந்திருந்தோம். மின்யோ மேசையைத் தட்டினார்.

"ஐயா, நான் சொல்றேன்னு கோவிக்காதீங்க. இந்தத் தளம் செத்துப்போச்சு. செத்ததைச் சொல்லத்தான் ஆள் இல்ல."

"தளம் எப்படிய்யா சாகும்?"

"மூச்சு இல்ல, பேச்சு இல்ல, சொந்தக்காரன் எட்டிப் பாக்கல. இதுக்கு மேல எப்படிச் சாகறது? அண்ணி, நீங்கதான் ஊருக்கெல்லாம் நோட்டீஸ் எழுதிக் குடுக்கறீங்களே. இதுக்கும் ஒண்ணு எழுதுங்க."

விளையாட்டாகத்தான் எழுதினேன்.

"ஆறாத் துயரத்துடன் அறிவிக்கிறோம். எங்கள் அன்புக்குரிய ஒர்லிட்சா விமானதளம், எந்தக் கட்டளையகமும் அருகில் இல்லாத நிலையில், அமைதியாகக் கண்மூடியது. நாற்பதாம் நாள் நினைவு வரும் சனிக்கிழமை, ஓடுபாதையில். துயரில் வாடும்: ஸ்பாஸ், மின்யோ, நாய்."

"என்னைக்குச் செத்துச்சுன்னு நாப்பது நாள் கணக்கு வெச்ச?" என்றார் ஸ்பாஸ்.

"யாருக்குத் தெரியும்? சனிக்கிழமைன்னா எல்லாருக்கும் லீவு" என்றேன்.

மின்யோ தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததை நாங்கள் கவனிக்கவில்லை. சோன்காவிடம் போய் நாரைக்கூட்டின் படத்தோடு அடித்து, ஊரெல்லாம் ஒட்டி, பேருந்து ஏறிப்போய் இரண்டு கட்டளையகங்களின் வாயில்களிலும் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார்.

மற்ற நாடாக இருந்தால் காவல்காரன் கிழித்துப் போட்டிருப்பான். எங்கள் பக்கத்தில் அஞ்சலி நோட்டீஸைக் கிழிக்க யாருக்கும் கை வராது. மழைதான் அதைக் கரைக்க வேண்டும்.* அந்த வாரம் மழையே இல்லை. இரண்டு ஜெனரல்களும் வரும்போதும் போகும்போதும் காரை நிறுத்தி எங்கள் மரணச் செய்தியைப் படித்தார்கள். படித்த பிறகு நாற்பதாம் நாளுக்குப் போகாமல் இருப்பது இங்கே யாராலும் முடியாது.

* எங்கள் பேருந்து நிறுத்தத்தில் நான் மணமாகி வருவதற்கு முன்பே இறந்த ஒரு பல் மருத்துவரின் நோட்டீஸில் மூக்கு மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

5

(ஜெனரல் பாலெவை இங்கே கொண்டுவர எனக்குத் தயக்கம். எழுத எழுத அவர் வெறும் கோமாளியாகிவிடுகிறார். நேரில் அவர் கண்ணியமானவர். பன்னிரண்டு பானிட்சாப் பலகாரத் துண்டுகளைக் கண்ணியமாகவே சாப்பிட்டார். பன்னிரண்டு இல்லை, ஆறு. கதைக்காக ஏற்றிவிட்டேன்.)

சனிக்கிழமை ஓடுபாதை நெடுக மேசை போட்டோம். ஊரே வந்தது. சர்க்கரையும் வாதுமைக்கொட்டையும் சேர்த்து வேகவைத்த கோதுமை, ரொட்டி, ஒயின். ஓடுபாதையின் விரிசல்களில் பெண்கள் மெழுகுவத்தி நட்டார்கள்.

காவல் கட்டளையகத்து ஜெனரல் தோட்டெவ் இரட்டைப்படையில் பூ கொண்டுவந்தார். துக்கத்துக்கு அதுதான் முறை. தாக்குதல் கட்டளையகத்து ஜெனரல் பாலெவ் கையில் ஒற்றைப்படை, உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுப்பது. "செத்துட்டதா இன்னும் உறுதியாகலையே" என்று தன் உதவியாளரிடம் சொன்னாராம்.

நேருக்கு நேர் நின்றார்கள். தோட்டெவ் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம், ஜெனரல்."

"என் இழப்பா? உங்க தளத்துக்கு அனுதாபம் சொல்லத்தானே நான் வந்தேன்!"

"எங்க தளமா? ரேடாரை எடுத்ததோட எங்க உறவு முடிஞ்சுதே."

"விமானத்தை எடுத்ததோட எங்களுதும்தான்."

மேசைத் தலைமாட்டில், நெருங்கிய உறவினர் உட்காரும் நாற்காலி காலியாகவே இருந்தது. மின்யோ அதன் முதுகைப் பிடித்தபடி, "யாராவது ஒருத்தர் உக்காருங்க ஐயா, பிணம் நாறுது" என்றார்.

அந்த நாற்காலியில் யாராவது ஒருவர் உட்கார்ந்தால் போதும். கோடு கிடைத்துவிடும், உத்தரவு கிடைத்துவிடும், எனக்குக் கடல் கிடைத்துவிடும். மேசைக்கு அடியில் ஸ்பாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் கோப்பை ராகியாவுக்குப் பிறகு ஊர்த்தலைவர் எழுந்து தளத்தைப் புகழ்ந்து பேசினார். பெண்கள் அழுதார்கள். அழுகையைக் கேட்டு ஜெனரல் பாலெவ் இளகினார். எழுந்து, "இந்தத் தளம் எங்கள் கட்டளையகத்தின் மூத்த பிள்ளை" என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது. போய்த் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் மனதுக்குள் பேருந்து ஏறிவிட்டேன்.

ஜெனரல் தோட்டெவுக்குப் பொறுக்கவில்லை. "மூத்த பிள்ளையா? இவனுக்குக் கண்ணு குடுத்தது நாங்க! ரேடார் இல்லாம உங்க விமானம் கோழிக்கூண்டு!" இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து தலைமாட்டிலேயே போட்டு உட்கார்ந்தார்.

யாருக்கும் வேண்டாதிருந்த தளத்துக்கு, இறைச்சி வருவதற்குள் இரண்டு அப்பாக்கள்.

6

மறுவாரம் இரண்டு உத்தரவுகள் ஒரே நாளில் வந்தன. தோட்டெவிடமிருந்து: ஒர்லிட்சா தளத்தில் கொடியை இறக்கவும். பாலெவிடமிருந்து: ஒர்லிட்சா தளத்தில் கொடியை ஏற்றவும்.

"முடிஞ்சுது! எறக்குங்க! பெட்டி வாசல்லயே இருக்கு" என்று கத்தினேன்.

ஸ்பாஸ் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, (கண்ணாடியைத் தேடி, நெற்றியில் கண்டெடுத்து) நெடுநேரம் படித்தார்.

"ரெண்டும் உத்தரவுதான் நெவெனா."

"ரெண்டையும் எப்படிச் செய்வீங்க?"

"சாயங்காலம் எறக்குவேன். காலையில ஏத்துவேன்."

"அதைத்தானே நாலு வருஷமா செய்யறீங்க!"

"ஆமா. இப்ப உத்தரவோட செய்யறேன்."

இரு கட்டளையகங்களுக்கும் "உத்தரவு நிறைவேற்றப்பட்டது" என்று அறிக்கை போனது. இருவரும் பாராட்டினார்கள். தளம் யாருடையது என்பதை ஆராய அமைச்சகத்தில் ஒரு குழு உட்கார்ந்தது. அது இன்னும் எழுந்திருக்கவில்லை.

அன்று நான் தட்டை உடைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உடைக்கவில்லை. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது. பெட்டியைத் திறந்து திரைச்சீலைகளை மட்டும் எடுத்து மாட்டினேன்.

7

சோன்கா கேட்ட செய்தி இப்போதுதான் வருகிறது. சென்ற ஆகஸ்டில் ஒரு மாலை, கொடியை இறக்கி மடித்து, கோபுரத்தடி நாற்காலியில் மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். நாய்தான் என்னை வந்து கூப்பிட்டது. அவருடைய கண்ணாடி அப்போதும்—

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

மறுநாள் காலை மின்யோ வாசலில் வந்து நின்றார். கையில் கொடி.

"அண்ணி, ஏத்தவா?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"வேற யாரைக் கேக்கறது? பாலெவ் ஐயா ரிட்டயர் ஆயிட்டாரு. தோட்டெவ் ஐயா தூதரகத்துக்குப் போயிட்டாரு. இப்ப தளத்துல நமக்கு மேல இருக்கறது நாரைதான்."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால், முந்தின நாள் மாலை அவர் இறக்கியதுதான் கடைசி. முறைப்படி தளம் மூடப்பட்டிருக்கும், மடியில் மடித்த கொடியோடு. சொசோபோல் பேருந்து ஒன்பது மணிக்கு. நான் சொன்னது: "ஏத்துங்க."

அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். தினமும் அதையே சொல்கிறேன்.

8

முடிவுகள்.

முதலாவது: குழு எழுகிறது. வாத்தியக் குழு வருகிறது, ஒரு புதிய ஜெனரல் கொடியை வாங்கிக்கொள்கிறார். (ஆகாது. நாரைக்குச் சத்தம் பிடிக்காது.)

இரண்டாவது: நான் நாளைக்கே மின்யோவையும் நாயையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறேன். அத்திமரத்தடியில் உட்கார்ந்து, ஐந்து மணியானதும் மூவரும் எதையோ மறந்ததுபோல் எழுந்து நிற்கிறோம். (இதில் உண்மை இருக்கிறது, அதனாலேயே பயமாக இருக்கிறது.)

மூன்றாவது: எதுவும் மாறுவதில்லை. (இது முடிவே இல்லை என்பாள் சோன்கா.)

நோட்டீஸுக்கு நான்கு வரி கொடுத்துவிட்டேன். ஐந்தாவதில் என்ன போட என்று கேட்கிறாள். வெள்ளிக்கிழமை காலை வரை தவணை வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை மின்யோ கொடியோடு வருவார், வழக்கம்போலக் கேட்பார். பெட்டி வாசலில் இருக்கிறது. திரைச்சீலைகள் சன்னலில் இருக்கின்றன.

நான் அவருடைய மனைவி. நடுநிலையாகச் சொல்ல என்னால் முடியாது. மின்யோ அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்; அவராலும் முடியாது. எந்தக் கட்டளையகத்துக்கும் கீழே இல்லாதவர் இங்கே நீங்கள் ஒருவர்தான். கேள்வி உங்களுக்குத் தெரியும். நான் சமையலறையில் காப்பிப் பாத்திரத்தைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். நீங்கள் சொல்வதுதான் உத்தரவு.

மின்யோவுக்குக் காது கொஞ்சம் மந்தம். உரக்கச் சொல்லுங்கள்.