காலியாக இருந்த பாதி லாரி

நாளை காலைக்குள் நாற்பது கண்ணாடிகளும் கீறலில்லாமல் புது ஓட்டலுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்று உடைந்தாலும் மேல்மாடிகளுக்கான ஆர்டர் போட்டிக் கடைக்குப் போய்விடும். லாரி ஆபீஸ் நாற்காலியில் கண்ணாடிக் கடைக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அக்கா, நம்ம சரக்கு பாதி லாரிதான். காத்தை ஏத்திட்டுப் போறதுக்கா முழு வாடகை? மத்தவங்க சரக்கோட சேர்த்துப் போட்டுடலாம்,” என்று தம்பி நச்சரித்தான்.

அவள் புக்கிங் குமாஸ்தாவிடம் திரும்பினாள். “சேர்த்துப் போட்டா வழியில எத்தனை தடவை இறக்கி ஏத்துவீங்க?”

“ரெண்டே தடவைம்மா. பூ மாதிரி இறக்குவாங்க.”

வெளியே, ‘உடையும் பொருள்’ என்று ஒட்டிய பெட்டி ஒன்று லாரியிலிருந்து தொப்பென்று விழுந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“முழு லாரியே போடுங்க.”

ஏற்றி முடிந்ததும் குமாஸ்தா குழைந்தார். “காலி இடத்துல நாலே நாலு இரும்புக் குழாய்க் கட்டு வச்சுக்கட்டுமாம்மா? வாடகையில கால்வாசி குறைச்சிடறேன்.”

தம்பியின் முகம் மலர்ந்தது. அவளுக்கும் ஒரு நொடி மனசு ஊசலாடத்தான் செய்தது. பிறகு பின்கதவை இழுத்துச் சாத்தி, தன் பூட்டையே போட்டு, சாவியைத் தம்பியின் சட்டைப்பையில் திணித்தாள்.

“நீயே முன்சீட்டுல ஏறு. வழியில எவன் திறக்கச் சொன்னாலும், சாவி அக்காகிட்ட இருக்குன்னு சொல்லிடு.”