பிரிட்ஜ் மேல் வளர்ந்த ஈக்கள்

சாரல் காலத்தில் தென்காசியில் துணி காய்வது லேசான காரியமில்லை. போலீஸ்காரர் பாண்டிராஜின் சாக்ஸுகள் பிரிட்ஜ் தலையில்தான் காய்ந்தன. ஆய்வுக்கூடத்தில் மராமத்து நடந்ததால், ஆராய்ச்சி மாணவியான அவருடைய தங்கை வேல்விழி தன் பழ ஈக்கள் வளரும் குழாய்களை வீட்டுக்கே கொண்டுவந்து, ஜன்னலோரம் இரண்டு தட்டுகளில் அடுக்கியிருந்தாள்.

அந்த ஈக்களின் கண்கள் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். ஏன் என்று அண்ணன் மனைவி அனுசியா கேட்டு மாட்டிக்கொண்டாள்.

"சிவப்பு தர்ற மரபணு நல்லாத்தான் இருக்கு மைனி. இடம் மாறிப் போயி, இறுகச் சுருண்ட டி.என்.ஏ. இழைக்குப் பக்கத்துல உக்காந்துட்டு. அங்கன ஒரு புரதம் இழையைச் சுருட்டி வச்சிருக்கு. பக்கத்துல உள்ளதையும் சேத்து அமுக்கிரும்."

"இதுக்கா இவ்வளவு படிப்பு? உங்க அண்ணன் ஸ்டேஷன்ல என்னா சத்தம் போடுதாரு. இங்க அவர உங்கம்மா பக்கத்துல உக்காரச் சொல்லு, சத்தம் வருதான்னு பாப்போம்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாண்டிராஜ் பக்கத்தைப் புரட்டினார்.

அந்தப் புரதத்தைப் பாதியாகக் குறைத்தால் கண் கூடுதலாகச் சிவக்க வேண்டும். ஒரு தட்டில் குறைத்த ஈக்கள், மற்றதில் குறைக்காதவை. வித்தியாசம் தெரிந்தால் அதுதான் வேல்விழியின் ஆராய்ச்சியில் முதல் முடிவு. திங்கட்கிழமை நெறியாளரிடம் சொல்லியாக வேண்டும்.

ஞாயிறு காலை நுண்ணோக்கியில் பார்த்தவள் துள்ளினாள். குறைத்த ஈக்களின் கண்கள் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன. எல்லோரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தாள்.

"என் கை ராசிட்டி," என்றாள் அனுசியா. "பஞ்சு மூடியெல்லாம் நமுத்துப் போவுதேன்னு, தெனம் நீ தூங்குனப்புறம் அந்தத் தட்டைப் பிரிட்ஜ் மேல வச்சு, விடிய முன்ன எடுத்துருவேன்."

"ரெண்டு தட்டையுமா?"

"மத்ததுக்கு எங்கன இடம்? உங்க அண்ணன் சாக்ஸு கெடக்கே."

வேல்விழி உட்கார்ந்துவிட்டாள். சூட்டில் வளர்ந்தாலும் அமுக்கம் தளர்ந்து கண் சிவக்கும். இது புரதம் குறைந்ததாலா, பிரிட்ஜ் சூட்டாலா? நெறியாளருக்குச் சாக்ஸ் கதை தெரியப்போவதில்லை. சிவந்த கண்களைப் படம் எடுத்து அனுப்பினால் பாராட்டுவார். கொஞ்ச நேரம் அதையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு, 'மறுபடி செய்ய வேண்டும் சார்' என்று செய்தி அனுப்பினாள்.

அனுசியாவின் முகம் வாடிவிட்டது. "கெடுத்துட்டேனாட்டி? அப்போ அருவி?"

"முடிவு வந்தப்புறம் போவோம் மைனி. இனிமே ரெண்டு தட்டும் ஒரே சூட்டுல, நமுக்காம பிரிட்ஜ் மேல."

"அப்போ என் சாக்ஸு?" பேப்பருக்குப் பின்னாலிருந்து போலீஸ் குரல் அதட்டியது.

அடுக்களையிலிருந்து அம்மா வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னலே சாக்ஸுக்கு?"

பாண்டிராஜ் எழுந்துபோய்ச் சாக்ஸுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அனுசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.